ஒரே பலகை

சித்த அக்கட்ட சாய்ஞ்சுக்கறீங்களா தம்பி? உங்க முழங்கை இது மேல படுது. இல்லீங்க, கோவமெல்லாம் இல்லை. உள்ள இருக்கறது மரம். மரந்தானுங்க. தேக்கு மரத்தைச் சுருட்டிப் போர்வைக்குள்ள வச்சுக் கொண்டு போறேன். சிரிங்க, சிரிங்க, கண்டக்டரும் சிரிச்சாரு. அரை மில்லி கனந்தான். உங்க சட்டைக் காலர் இதைவிடத் தடிமன். ஆனா காலரை மடிக்கலாம், இதை மடிச்சா ஒடிஞ்சு போகும். அதுக்குத்தான் சொன்னேன்.

நீங்க ஜன்னலோரம், நான் இந்தப் பக்கம், நடுவால ஆறடிச் சுருள். இதை எடுக்காம நீங்க எந்திரிக்க முடியாது. இதை வைக்க எடமில்லாம நானும் எந்திரிக்க முடியாது. காங்கயம் வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் இப்படித்தான்னு எழுதியிருக்குது.

அதுக்கும் மேல, காத்தாலை றெக்கை ஏத்துன இந்த லாரி வேற. எட்டிப் பாருங்க, தெரியுதா? றெக்கை மட்டும் ஒரு தெரு நீளம் இருக்கும். அதைக் கொண்டுபோய் அந்தத் திருப்பத்துல குறுக்க நிறுத்தி வச்சிருக்கறான். கண்டக்டரைக் கேட்டா, மூக்கை உறிஞ்சிட்டு, 'றெக்கை திரும்போணும், வண்டி போகோணும்.' அவ்வளவுதான். ஏதோ சாமி வாக்கு சொல்றாப்ல. முன்னால நூறு வண்டி, பின்னால நூறு வண்டி, நடுவால நாம.

மணி என்னாச்சுங்க? ரெண்டு அஞ்சா. சரி. அஞ்சரைக்கு எம்பட சம்பந்தி கூட்டம் கொடுமுடியில இருந்து திரும்பி வந்துரும். அதுக்குள்ள நான் அவிய ஊட்டுக்குள்ள பூந்து, ஒரு பீரோ கதவை ஒட்டி, தேய்ச்சு, கலர் குடுத்து, பாலிஷ் போட்டு, ஸ்பிரிட் வாசம் போக பேனைச் சுத்தவிட்டு, ஒண்ணுந் தெரியாத மனுசனாட்ட சோபாவுல உக்காந்திருக்கோணும். ஒட்டறதுக்கே ஒண்ணரை மணி நேரமாகும். திருடனுக்குக்கூட இத்தனை வேலை இல்லீங்க.

நானா? குப்புராசு. ஒண்டிப்புதூர்ல பாலிஷ் பட்டறை. பட்டறைல எனக்கு டேப் ரெக்கார்டர்னு பேரு. ஒருத்தர் பேசி ஒருக்கா கேட்டாப் போதும், அப்படியே செஞ்சு காட்டிருவேன். கஸ்டமர் வெளிய கால் வச்ச ஒடனே, அவிய குரல்லயே 'கலர் கொஞ்சம் கொறைச்சுக்கங்க'ன்னு உள்ள இருந்து சொல்லுவேன். வேலை செய்யறவன் நெசமுன்னு நம்பித் தேய்க்க ஆரம்பிச்சிருவான். அது கெடக்குது.

பழைய பீரோ, பழைய கட்டில் வாங்கறவிய என்னைத்தான் கூட்டிட்டுப் போவாங்க, இது கட்டையா தோலான்னு பாத்துச் சொல்றதுக்கு. கட்டைன்னா முழு மரம். தோல்னா உள்ள ப்ளைவுட்டு, மேல இந்த மாதிரி மெல்லுசாச் சீவுன மரத்தை ஒட்டியிருப்பாங்க. வெனீர்னு சொல்றது அதைத்தான். கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. மேல ஓடற ரேகை ஓரத்துக்கு வந்தா மடங்கிப் பக்கவாட்டுல இறங்கோணும். இறங்காம அங்கயே நின்னு போச்சுன்னா, தோல். கதவுக்கு முன்னால ஒரு கணு இருந்தா, பின்னாலயும் அது எங்கியாவது எட்டிப் பாக்கோணும். பாக்கலீன்னா, தோல். ரெண்டு கதவுலயும் ஒரே படம் கண்ணாடில பாத்தாப்ல இருந்துச்சுன்னா யோசிக்கவே வேண்டாம். ஒரே கட்டைல அடுத்தடுத்துச் சீவுன ரெண்டு இலை அது. நான் தட்டிப் பாக்கவே மாட்டேன். தட்டிப் பாக்கறவனுக்கு மரம் தெரியாதுன்னு அர்த்தம்.

எம்பட சம்பந்தி தட்டிப் பாக்கறவரு.

அர்த்தனாரின்னு பேரு. காங்கயத்துக்குள்ள போறப்பவே தேங்கா எண்ணெய் மில்லு இருக்குதில்ல, அது அவிய மில்லுதான், ஊடும் அதை ஒட்டித்தான். அவரு எப்படிப் பேசுவாருன்னா, மொதல்ல தொண்டையைச் செருமுவாரு. க்ஹும். 'ஒண்ணு சொல்லட்டுங்களா?' நாம சரீன்னு சொல்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருப்பாரு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் அப்படித்தான். 'ஒண்ணு சொல்லட்டுங்களா? எங்களுக்கு எதுவும் வேண்டாம். பீரோ ஒண்ணு மட்டும் நல்ல தேக்குல வந்துட்டாப் போதும். நீங்க அதே தொழில்ல இருக்கறீங்க, உங்களுக்குச் சொல்லோணுமா?'

சொல்ல வேண்டாந்தானுங்க. சட்டம் நாலும் முழுத் தேக்கு, என் கையால பாத்து எடுத்தது. ஆனா கதவுக்குப் பலகை தேடிட்டிருந்த வாரத்துல ஒரு வெனீர் கட்டு கண்ணுல பட்டுச்சு பாருங்க. ரேகை அடியில இருந்து மேல வரைக்கும் வெளக்கு எரியறாப்ல போகுது. அப்படி ஒரு முழுப் பலகை இந்த ஜில்லாவுலயே கெடைக்காது. கெடைச்சாலும் நம்ம வெயிலுக்கு வளைஞ்சு போகும். எனக்கு ஒரே புள்ளைங்க, தாரணி. அவளுக்குக் குடுக்கற பீரோ அழகா இருக்கோணும்னு ஒட்டிப்போட்டேன். ஏமாத்தோணும்னு ஒட்டலீங்க. ஓரத்துக் கட்டைல ரேகை இறங்கலையேன்னு மெல்லுசான பிரஷ்ல நானே ரேகை இழுத்துவிட்டேன். ராவுத்தர்னு ஒரு பழைய மரவேலைக்காரர், அவரே தடவிப் பாத்துட்டு, முழுப் பலகைதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

கண்ணாலத்தன்னிக்கு மண்டபத்துல சீரு சாமான் பரப்பி வச்சிருக்குது. சம்பந்தி வந்தாரு. மோதரம் போட்ட வெரலை மடக்கி, டொக்கு, டொக்கு. க்ஹும். 'ஒண்ணு சொல்லட்டுங்களா? இது ஒரே பலகை.'

கேள்வி இல்லீங்க அது. தீர்ப்பு. சுத்தி அம்பது பேரு. 'இல்லீங்க சம்பந்தி, இது வெனீரு, ஆனா'ன்னு நான் ஆரம்பிச்சிருக்கலாம். அந்த 'ஆனா'வுக்குப் பொறவு எவன் காது குடுப்பான்? 'ஆமாங்க, ஒரே பலகைதான்'னு சொல்லிப்போட்டேன். மூணே வார்த்தை. அன்னைக்கு உள்ள போனவந்தான், ரெண்டு வருசமாச்சு, இன்னும் வெளிய வரலை.

அந்த பீரோவை அவரு எங்க வச்சாரு தெரியுமுங்களா? புள்ளை ரூமுல வைக்கலை. ஹால்ல. வர்றவிய போறவிய பாக்கோணுமாமா. புள்ளையோட துணிமணி எல்லாம் ஹால்லதான். ஒரு பாவாடை எடுக்கோணும்னாலும் அத்தனை பேரு முன்னாலதான் தொறக்கோணும். சாவி சம்பந்தியம்மா இடுப்புல. எனக்கு அது சுத்தமாப் புடிக்கலீங்க. ஹால்ல மேக்காலத்து ஜன்னல் வெயில் நேரா கதவுல அடிக்குது. பசை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

நாலாம் மாசம் கீழ்மூலை லேசா வாயைத் தொறந்துச்சு. தரை தொடைக்கற தண்ணி. தாரணிதான் போன் பண்ணிச் சொன்னா. எப்படிப் போறது? பொண்ணு குடுத்த ஊட்டுக்கு அப்பங்காரன் சும்மா போகக்கூடாதுங்களே. ஆடி, தீபாவளி, பொங்கல் சீரு, அதோட சரி. சும்மா போனா, புள்ளையை வேவு பாக்க வந்திருக்கறாருன்னு பேச்சாகும். காரணத்தோட போனா வேற. அதனால ஒரு கதை கட்டுனேன். 'முழுத் தேக்கு மூச்சு விடுமுங்க சம்பந்தி. அப்பப்ப நான் வந்து எண்ணெய் காட்டோணும்.'

மனுசனுக்குப் பெருமை தாங்கலை. மில்லுக்கு வர்றவியகிட்டயெல்லாம், 'ஒண்ணு சொல்லட்டுங்களா? எங்கூட்டு பீரோ மூச்சு விடுது. டாக்டரு கோயமுத்தூர்ல இருந்து வர்றாரு.' நாந்தான் டாக்டரு.

போனா, சம்பந்தியம்மா கண்ணுக்கு எதுக்க நின்னுட்டுச் செவுத்தைப் பாத்துப் பேசுவாங்க. 'வந்தவிய காப்பி குடிப்பாங்களான்னு கேளு.' யாரைக் கேக்கச் சொல்றாங்கன்னு தெரியாது. நான் அங்கயேதான் நிக்கறேன். மாப்ளை நந்தகுமாரு இருக்கறாரே, அவருகிட்ட மூணு 'ம்' இருக்குது. ஒண்ணு, 'ம்', வாங்கன்னு அர்த்தம். இன்னொண்ணு, 'ம்ம்', சரின்னு அர்த்தம். மூணாவது இழுத்து, 'ம்ம்…ம்', அது புள்ளைக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. ஆனா அதைக் கேட்டா அவ எந்திரிச்சு உள்ள போயிருவா. மூணையும் பட்டறைல செஞ்சு காட்டுனேன், வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சானுக.

தாரணியைச் செய்யுங்கன்னு கேப்பானுக. அது மட்டும் வரமாட்டீங்குது. அந்த ஊட்டு ஆளுக முன்னால அவ பேசி நான் கேட்டதில்லையே, எதை வச்சுச் செய்யறது? முன்னெல்லாம் பயங்கர வாயாடிங்க. கண்ணாலமானா புள்ளைக அடங்கிருவாங்க. நல்லதுதானுங்களே.

அவ ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாத்தவ. சூலூர்ல. கைக்கொழந்தைக்குக்கூட அழுகாம ஊசி குத்துவாளாம், டாக்டரே சொன்னாரு. கண்ணாலம் முடிஞ்சு பத்தாம் நாள் சம்பந்தி ஒண்ணு சொல்லட்டுங்களான்னாரு. வேலையை விட்டுட்டா.

அந்த ஊசி பீரோவுக்கு ஒதவுச்சு பாருங்க. வெனீர் உப்பிக்கிச்சுன்னா, பிளேடுல ரேகையோட போற மாதிரி ஒரு கீறல் போடோணும். குறுக்க போட்டாத் தழும்பு தெரியும். அந்தக் கீறல் வழியாப் பசையை உள்ள விடோணும். எதுல விடறது? 'சிரிஞ்சுல விடலாமுங்கப்பா'ன்னு சொன்னதே தாரணிதான். எல்லாரும் மில்லுக்குப் போன பொறவு நாங்க ரெண்டு பேரும் உக்காருவோம். அவ ஊசியைச் சாய்ச்சுப் புடிச்சுட்டு பீரோகிட்ட, 'கையை ஆட்டக்கூடாது, எறும்பு கடிச்சாப்லதான் இருக்கும்'பா. எனக்கு அடக்க முடியாது. அவளும் சிரிப்பா. மேல துணியைப் போட்டு அயர்ன் பாக்ஸை வச்சு அழுத்தற வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. அப்பறம் சாமானெல்லாம் எடுத்து வைக்கறப்ப, 'அப்பா, இன்னிக்கு நானும் உங்ககூட வரட்டுமா?'ன்னு கேப்பா. 'ஸ்பிரிட் பாட்டிலை மூடு கண்ணு, ஆவியாகுது'ம்பேன். அந்த வேலைல அது முக்கியமுங்க. ஸ்பிரிட் போச்சுன்னா பாலிஷ் வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போகும்.

ஊட்டுக்கு வந்தா எம்பட சம்சாரம் லோகாம்பா வாசல்லயே நிப்பா. 'புள்ளை எப்படி இருக்கறா?' 'கீழ்மூலை நல்லா ஒட்டிக்கிச்சு'ம்பேன். 'நான் புள்ளையைக் கேட்டேன்'பா. 'நல்லாத்தான் இருக்கறா, அவ ஊசி போட்ட எடந்தான் நெம்ப நல்லா ஒட்டிருக்குது'ம்பேன். மூஞ்சியத் திருப்பிட்டு உள்ள போயிருவா. பொம்பளைகளுக்கு வேலையோட நுணுக்கம் தெரியாதுங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். லாரி நகந்துச்சுங்களா? இல்லையா. சரி.

வெனீர் உரியறதுக்கு நாலு காரணந்தான். தண்ணி, வெயிலு, மட்டமான பசை, உப்புத்தாளைப் போட்டு அளவுக்கு மேல தேய்க்கறது. அஞ்சாவது கெடையாது. ஆனா தாரணி ஊட்டு பீரோ நெஞ்சு ஒசரத்துல உரியுதுங்க. பூட்டுக்குப் பக்கத்துல. அங்க எங்கிருந்து வந்துச்சு தண்ணி? ஜன்னல் வெயிலும் கதவுல இடுப்புக்குக் கீழதான் அடிக்கும், அங்க படறதில்லை. பசை என் பசை. அதுவும் எப்படி உரியுது? தானா உரிஞ்சா ரேகையோட பொளந்துட்டு வரும். இது குறுக்க, கிள்ளி இழுத்தாப்ல. ஒட்டிட்டு வருவேன், ரெண்டு மாசத்துல அடுத்த எடம். ரெண்டு வருசத்துல பதினோரு தடவை.

மொதல்ல எலின்னு நெனச்சு ஒரு எலிப்பொறி வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். சம்பந்தியம்மா செவுத்துக்கிட்ட, 'எங்கூட்டுல எலி இருக்குதுன்னு சொல்றாங்களா?'ன்னாங்க. அப்பறம் அவிய மேலயே சந்தேகம். சுரண்டிப் பாத்துச் சோதிக்கறாங்களோ? நெறைய நாள் அந்தப் பயத்துலயே தூக்கம் போச்சு. அதுலயும் ஒரு விசேசம் பாருங்க. தாரணி போன் பண்ணி, 'அப்பா, ஒருக்கா வந்துட்டுப் போங்க'ம்பா. 'சும்மா எப்படி கண்ணு வர்றது, ஒரு காரணம் வேண்டாமா?'ம்பேன். சரியா நாலாம் நாளு அந்தச் சனியன் உரிஞ்சிருக்கும். அப்படி ஒரு பொருத்தம்.

போன தடவை போனப்ப அவ ஆள்காட்டி வெரல்ல நகத்துக்கு அடியில ஒரு சிலாம்பு ஏறியிருந்துச்சு. நாந்தான் பின்னூசில எடுத்தேன். வெளிச்சத்துல பாத்தா, தேக்கு. எம்பட வெனீரேதான். எப்படி கண்ணுன்னா, 'தெரியலைங்கப்பா'ன்னா. பாவம், துணி எடுக்கறப்ப அந்த வெடிப்புல கை பட்டிருக்கும். இதுக்காகவே ஒழுங்கா ஒட்டோணும்னு அன்னிக்கு ஒரு மடங்கு பசை எச்சாப் போட்டேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? சுருள் குத்துதா?

சரி, கேளுங்க. சம்பந்திக்கு வர்ற மாசம் அறுபது முடியுது. ஊட்டுல பெருசா விசேசம். க்ஹும். 'ஒண்ணு சொல்லட்டுங்களா? ஒரே பலகைதானுங்களே, சும்மா மொட்டையா எதுக்கு நிக்கோணும்? ரெண்டு கதவுலயும் ரெண்டு மயில் செதுக்கிரலாம். தம்மம்பட்டியில இருந்து ஆள் வருது, புதன்கிழமை.'

மயிலு! அரை மில்லில மயிலு எங்க செதுக்கறது? அதோட நெழல்கூட அதுல நிக்காது. உளியை வச்சு ஒரு தட்டு தட்டுனாப் போதும், ப்ளைவுட்டு பல்லைக் காட்டிரும். அதுக்கப்பறம் எம்பட மொகத்தை விடுங்க. புள்ளையை நெனச்சுப் பாருங்க. ஆயுசுக்கும் 'உங்கொப்பன் சொன்னதுதானே'ன்னு சொல்லிச் சொல்லியே கொன்னுருவாங்க. கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா? கட்டிக் குடுத்த புள்ளை திரும்பி வந்தா ஊரு சும்மா இருக்குமா? அவ நல்லா இருக்கோணும்னா அந்தக் கதவு ஒட்டியிருக்கோணும். நான் வேற என்னத்துக்கு ரெண்டு வருசமா ஓடறேன்?

மயிலுக்கு ஒரு வழி வச்சிருக்கறேன். நாளைக்குக் காலைல சம்பந்திக்கு ஒரு போன் வரும். அவிய குடும்ப ஜோசியரு, சிவன்மலைக்காரரு. மூச்சை இழுத்து இழுத்துப் பேசுவாரு. 'ம்ஹா… அர்த்தனாரி… இந்த வருசம்… ஊட்டு மரத்துல… உளி படக்கூடாதப்பா…' எப்படி? அவரேதானுங்களே. அதை ஒரு வாரமா பழகிட்டிருக்கறேன்.

ஆனா இன்னிக்குக் காலைல தாரணி கூப்பிட்டா. ஊட்டுல எல்லாரும் கொடுமுடி கோயிலுக்குப் போயிட்டாங்களாம், அவளுக்குக் கோயிலுக்குப் போகக்கூடாத நாளு. மாப்ளையோட பழைய போனை எடுத்துக் கூப்பிட்டிருக்கறா. 'அப்பா, வலது கதவு முழுசா வந்துருச்சு. மேல இருந்து கீழ வரைக்கும். வாங்க.' முழுக் கதவு! அந்தக் கட்டுல மிச்சம் வச்சிருந்தது இந்த நாலு இலைதான், பரண்ல இருந்து எடுத்துச் சுருட்டிட்டுக் கெளம்புனேன். லோகாம்பா நானும் வர்றேன்னா. உனக்கு அங்க என்ன வேலைன்னு விட்டுட்டு வந்துட்டேன்.

இருங்க, போன் அடிக்குது. சித்த இதைப் புடிங்க, சாய விட்றாதீங்க.

சொல்லு கண்ணு. வந்துட்டே இருக்கறேன், அவினாசிபாளையம் தாண்டி வண்டி மாட்டிக்கிச்சு. அந்த உரிஞ்சதைத் தண்ணி படாம வச்சிருக்கறயா? … எங்க இருக்கற? … பஸ் ஸ்டாண்டுல உனக்கு என்ன வேலை? … ம். … நகத்துலயா? … ஓ. … பதினொண்ணுமா? … கண்ணு, நான் சொல்றதைக் கேளு, இப்பவும் ஒண்ணுங் கெட்டுப் போகலை, மூணு மணி நேரம் இருக்குது, நான் வந்து ஒட்டி… … ம். … ம். … சரி. வெய்யில்ல நிக்காத.

வச்சுட்டா.

குடுங்க, நான் புடிச்சுக்கறேன்.

அயர்ன் பாக்ஸை வச்சு உரிச்சாளாம். நாந்தான் சொல்லிக் குடுத்தேன், சூடு பட்டா பசை எளகும்னு. துணியை நனைச்சுப் போட்டு, கீழ இருந்து மேல, மெதுவா, தோசைக் கரண்டியைக் குடுத்து எடுத்துட்டே வந்திருக்கறா. ஒரு கிழிசல் இல்லையாம். ஆறடி. நானே அவ்வளவு சுத்தமா உரிக்க மாட்டனுங்க. அவ கை அப்படி. அதைச் சுருட்டி சம்பந்தி உக்கார்ற நாற்காலி மேல வச்சுட்டு, ஊட்டைப் பூட்டிட்டு வந்துட்டாளாம்.

மத்ததெல்லாம் நகந்தானாம்.

என்ன சொன்னா தெரியுமுங்களா? கோவமாச் சொல்லலை. ரத்தம் எடுக்கறப்ப பேசுவா பாருங்க, அந்த மாதிரி நெதானமா. 'அப்பா, வாங்கன்னா நீங்க வரமாட்டீங்க. உரிஞ்சுருச்சுன்னா வருவீங்க. பதினோரு தடவை உரிச்சேன். பதினோரு தடவையும் நீங்க ஒட்டிட்டுப் போயிட்டீங்க.'

நான் 'ம்'னேன். நீங்கதான் கேட்டுட்டு இருந்தீங்களே.

'சாவி மில்லு வாச்மேன்கிட்ட இருக்குது. ஒட்டோணும்னா போய் ஒட்டுங்க, அவங்க அஞ்சரைக்குத்தான் வருவாங்க. உங்க பேரு கெடாது. நான் நாலு மணி கோயமுத்தூர் வண்டில ஏறிருவேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்.' லோகாம்பாகிட்டச் சொல்லிட்டாளாம். காலைலயே. எனக்குத்தான் தெரியலை.

ஒட்டிரலாமுங்க. ஒட்ட முடியாதுன்னு இல்லை. மேக்காலத்து ஜன்னலைச் சாத்திட்டு, அயர்ன் பாக்ஸைப் போட்டு, அஞ்சேகாலுக்கெல்லாம் முடிச்சிரலாம். நாற்காலி மேல இருக்கறதை எடுத்து பைல வச்சுக்கலாம். புள்ளை எங்கன்னு கேட்டா, அவம்மாவுக்கு ஒடம்பு சரியில்லை, அவசரமாக் கெளம்பிட்டான்னு சொல்லிரலாம். ரெண்டு நாள் கழிச்சு நானே கூட்டிட்டு வந்து விட்டுரலாம். நாலு பேரு குரலை வச்சுட்டு இருக்கறேன், சமாளிக்க முடியாதா? அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் தம்பி? இல்லீங்களா, சிரிக்கலையா. சரி.

நகத்துல உரிச்சிருக்கறா பாருங்க. பசை காஞ்ச வெனீரு தெரியுமுங்களா எப்படி இருக்கும்? தகரமாட்ட. அன்னிக்கு ஒரு மடங்கு பசை எச்சாப் போட்டேன்.

லாரி திரும்பிருச்சா? திரும்பிருச்சு. கண்டக்டரு மூக்கை உறிஞ்சறாரு, நம்ம வண்டியும் நகருது.

…

எங்க வந்திருக்கறோம்? ஓ, எண்ணெய் வாசம் வருது. மில்லு வந்துருச்சு. மணி மூணே முக்காலா?

கண்டக்டர் கூப்பிடறாருங்க. 'மில்லு ஸ்டாப் எறங்கறவிய வாங்க.' என்னைத்தான் பாக்கறாரு, டிக்கெட் இங்கதான் எடுத்திருக்கறேன். அதோ வாச்மேன், கேட்டுக்கு வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கறான். சாவி அவன் கையிலதான் இருக்குது, இங்கிருந்தே தெரியுது.

ஏனுங்க கண்டக்டர், ரைட் குடுங்க. நான் இங்க எறங்கலை. எம்புள்ளை ஸ்டாண்டுல நிக்குது.